ஒன்றாம் துண்டு எந்தப் பக்கம்

சென்னை
12.05.2025

மங்களாம்பிகைக்கு,

மங்கை என்று எழுதத்தான் கை போனது. நாலு வருஷமாகப் பேசாதவளை அப்படிக் கூப்பிடலாமா என்று தெரியாததால், கல்யாணப் பத்திரிகையில் இருந்த முழுப் பெயரையே போட்டுவிட்டேன். அந்தப் பத்திரிகை எம்.எஸ்சி. வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது, எல்லோருக்கும் சேர்த்து ஒன்று. எனக்கென்று தனியாக வரவில்லை. அது இருக்கட்டும்.

உன் பழைய நம்பரில் யாரோ ஓர் ஆள் எடுத்து "ராங் நம்பரும்மா" என்கிறார். ஒரு பொங்கலுக்கு உங்கள் வீட்டுக்கு வந்தபோது குறித்துவைத்த முகவரி இருந்தது. நீ ஒரத்தநாட்டில் மாமியார் வீட்டில் இருந்தாலும் உன் அப்பா அனுப்பிவைப்பார் என்று நம்பி எழுதுகிறேன். புது நம்பரை வேறு யாரிடமாவது வாங்கியிருக்கலாம். ஆனால் போனில் பேசினால் இரண்டாவது நிமிஷம் நமக்குள் சண்டை வரும். கடிதத்தில் ஒருத்தி முடிக்கும்வரை இன்னொருத்தி குறுக்கே பாய முடியாது. தவிர, எனக்கு வேண்டியது உன் கையெழுத்து.

விஷயம், கோடியக்கரையில் செத்து ஒதுங்கிய நம் திமிங்கலம். 2021 ஜனவரி.

என் ஆராய்ச்சியில் மொத்தம் நாலு திமிங்கலங்கள். மூன்று ஆண். நம்முடையது மட்டும் பெண் என்பது இங்கே டி.என்.ஏ. பார்த்த பிறகுதான் தெரிந்தது. அங்கே அது வயிறு சேற்றில் புதைந்து கிடந்ததே, யாரால் என்ன பார்க்க முடிந்தது?

நீ மறந்திருப்பாய் என்று பாடம் எடுக்கிறேன், முறைக்காதே. இந்த ஜாதிக்குப் பல் கிடையாது. மேல்தாடையில் முந்நூறு தகடுகள் சீப்பு மாதிரி தொங்கும், அதுதான் பலீன். வாய் நிறையத் தண்ணீரை அள்ளி, வெளியே தள்ளி, உள்ளே சிக்குகிற மீனை விழுங்கும். நம் நகம் எதனால் ஆனதோ அதனால் ஆனது பலீன். நகம் மாதிரியே ஈறிலிருந்து வளர்ந்துகொண்டே வரும். ஈறுப்பக்கம் நேற்று வளர்ந்தது. நுனி மூன்று வருஷத்துக்கும் முந்தியது. ரத்தத்தில் ஓடிய ஹார்மோன் அந்தந்தக் காலத்துத் தகட்டில் தங்கிவிடும். ஒரு தகட்டை வரிசையாகப் படித்தால் அதன் கடைசி மூன்று வருஷ வாழ்க்கையைப் படித்துவிடலாம். வரிசையாக என்பதில்தான் இப்போது சிக்கல்.

நாற்பது சென்டிமீட்டர் தகடு ஒன்றின் ஓரத்தில் இரண்டு விரல் அகலப் பட்டை அறுத்துக்கொள்ளத்தான் அனுமதி கிடைத்தது. மற்றதெல்லாம் திமிங்கலத்தோடு குழிக்குள் போய்விட்டது. அந்தப் பட்டையை இருபது துண்டாக நறுக்கி, எண் எழுதிப் பொட்டலம் கட்டியவள் நீ. நான் அந்த நேரம் சவுக்குத் தோப்பில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது இருபதையும் பொடியாக்கிச் சோதித்தாயிற்று. குப்பியில் இருக்கும் பொடி நான் ஈறு, நான் நுனி என்று சொல்லாது. நம்மை அங்கே அனுப்பிய எம்.எஸ்சி. சார் கொடுத்த தாளில் நுனிக்குத்தான் ஒன்று என்று இருக்கிறது. உன் நோட்டில் ஒன்று முதல் இருபது வரை இருக்கிறது, எந்தப் பக்கம் ஒன்று என்று இல்லை. ஓய்வுபெற்ற சாரைப் பிடித்துக் கேட்டேன். "அதெல்லாம் மங்களாம்பிகைதாம்மா பாத்துச்சு" என்று முடித்துவிட்டார்.

நறுக்கியவரே கையெழுத்துப் போட்டு உறுதி சொல்லாவிட்டால் இந்தத் திமிங்கலத்தை நீக்கிவிடு என்கிறார் என் கைடு. ஒரே பெண்ணும் போனால் ஒரு அத்தியாயமே போய்விடும். ஆய்வேட்டுச் சுருக்கத்தை ஜூன் முப்பதுக்குள் கொடுக்க வேண்டும்.

ஒன்று ஈறா, நுனியா? ஒரு வரி போதும்.

ஹஃப்ஸா


திருத்துறைப்பூண்டி
20.05.2025

அன்புள்ள ஹஃப்ஸா,

மங்கை என்றே கூப்பிடு. முழுப் பெயரைச் சொல்லி என்னை அழைப்பவர் இப்போது தடுப்பூசி போடுகிற நர்ஸ் ஒருவர்தான்.

கடிதத்தை யாரும் ஒரத்தநாட்டுக்கு அனுப்பவேண்டி இருக்கவில்லை. பிரசவத்துக்கு வந்தவள் இன்னும் இங்கேதான் இருக்கிறேன். மகள். ஆதிரை என்று பெயர். நாலு மாதம் ஐந்து நாள். அவர், மதிவாணன், அபுதாபியில் இருக்கிறார், குழந்தையை போனில்தான் பார்த்திருக்கிறார். கவரைப் பார்த்ததும் அப்பா கேட்டார், "யாரு, அதிராம்பட்டினத்துப் பொண்ணா? ஒரு சட்டி மீன்கொழம்பையும் காலி பண்ணிட்டு, உங்க ஊரு மீனு சுமார்தான் மாமான்னுச்சே, அதுவா?" உன்னை அப்படித்தான் இந்த வீட்டில் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

உன் எழுத்தைப் பார்த்ததும் அந்த மூன்று நாளும் அப்படியே வந்து நின்றன. வேதாரண்யத்திலிருந்து போன அந்த பஸ், இரண்டு பக்கமும் உப்பளம், வெயிலில் கண்ணைத் திறக்கவே முடியாது. உப்பு வண்டிக்காரர்தான் வழி காட்டினார், "நேரா மூக்கு போற பக்கம் போங்க" என்று. அந்த ஜே.சி.பி. சாமிதுரை அண்ணன், நாம் ரம்பம் கேட்டபோது சொன்னதை மறந்துவிட்டாயா? "பல்லு புடுங்க வந்த டாக்டரம்மாவா? இதுக்குப் பல்லே இல்லீங்களே, ஏமாந்துட்டீங்களே!" பிறகு அவரே ஏறி நின்று அறுத்துக் கொடுத்தார். ஜெகபர் அலி கடையில் டீ குடித்துவிட்டு கிளாஸை நீட்டினோம், அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி தள்ளி நின்று, "வேணாம்மா, நீங்களே வச்சுக்கங்க" என்றார். அந்த கிளாஸ் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. ஹாஸ்டலில் மூன்று முறை சீயக்காய் போட்டும் நம் முடியிலிருந்து அந்த நாற்றம் போகவில்லை. நீ உன் துப்பட்டாவைக் கொளுத்தினாய். நான் என்னவோ, அந்தச் சுடிதாரை வெகுநாள் வைத்திருந்தேன்.

அதன் தலையில் நீளவாக்கில் மூன்று மேடுகள் இருந்ததைச் சார் காட்டினாரே. பிரைடு திமிங்கலத்துக்கு மட்டும்தான் அப்படி என்று. வரப்பு போட்ட மாதிரி இருக்கிறது என்றேன். "எதைப் பாத்தாலும் உனக்கு வயலுதாண்டி" என்று நீ திட்டினாய்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து எழுதுகிறேன். அழுதாள். பால் குடித்தாள், ஆனால் பதினோரு நிமிஷம்தான். காலண்டரில் குறித்துவைக்கிறேன். பிறந்தபோது எடை இரண்டு கிலோ அறுநூறு, இப்போது ஐந்து இருநூறு. நர்ஸ் "சிலதுங்க இப்படித்தாம்மா, நல்லாத்தான் இருக்கு" என்கிறார். பார்க்க வந்த மாமியார் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னடி இது, பஞ்சாட்டம் இருக்கு? பாலு தண்ணியா வருதோ என்னமோ" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நாலு நாளாக அந்த வார்த்தையோடுதான் எழுந்திருக்கிறேன். விலங்கியலில் எம்.எஸ்சி. படித்தவள் நான். பால் எப்படிச் சுரக்கிறது என்று பத்து மார்க்குக்கு எழுதியவள். உட்கார்ந்து அழுகிறேன்.

குரூப்பில் என்னைப் பற்றி "கல்யாணத்துக்குப் படித்தவள்" என்று எழுதினாய். அழித்துவிட்டாய், ஆனால் பார்த்துவிட்டேன். உனக்கென்று தனியாக எடுத்துவைத்த பத்திரிகையை அதனால்தான் பிறகு அனுப்பவில்லை. இப்போது தெரிந்துகொள்.

கேட்டதற்கு வருகிறேன். நாலு வருஷமாயிற்று. ஈறா நுனியா என்பதில் என்ன மாறும்? அதைச் சொன்னால் எனக்கு யோசிக்க வசதியாக இருக்கும்.

மங்கை


சென்னை
27.05.2025

மங்கை,

குழந்தை பிறந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கடிதத்தை அப்படி ஆரம்பித்திருக்க மாட்டேன். குரூப்பில் எழுதியது தப்பு. நீயும் நானும் சேர்ந்து பி.எச்டி. பதிவு பண்ணப் போகிறோம் என்று உம்மாவிடம் சொல்லி, சென்னையில் இரண்டு பேருக்கு ரூம் பார்த்து வைத்திருந்தேன். அந்த வாரம் குரூப்பில் உன் பத்திரிகை. கோபத்தில் எழுதினேன். மன்னிப்பு கேட்க நாலு வருஷமா என்றால், ஆமாம், நாலு வருஷம்.

ஊரிலிருந்து உம்மா ஒரு பார்சல் அனுப்புகிறார். பால்சுறாக் கருவாடு. புட்டு செய்து சாப்பிட்டால் பால் ஊறும் என்பது அவர் கட்சி. கடல் உயிரி ஆராய்ச்சி பண்ணுகிறவள் சுறா அனுப்பலாமா என்றேன். "நீ படிச்சுக் கிழிச்சது போதும், புள்ள பெத்தவளுக்கு நான் அனுப்புறேன்" என்றார்.

என்ன மாறும் என்று கேட்டிருக்கிறாய். சொல்லக்கூடாது, சொன்னால் உன் ஞாபகம் ஒரு பக்கம் சாயும் என்று கைடு எச்சரித்தார். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

கர்ப்பத்தில் கூடுகிற ஹார்மோன் மூன்றாம் துண்டிலிருந்து எட்டாம் துண்டுவரை ஒரேயடியாக ஏறி நிற்கிறது. பன்னிரண்டு சென்டிமீட்டர். எங்கள் கணக்கில் ஏறத்தாழ ஒரு வருஷ வளர்ச்சி, இந்தத் திமிங்கலம் சுமக்கிற காலமும் அதுவே. அது கர்ப்பமாக இருந்து ஈன்றிருக்கிறது, அதில் சந்தேகம் இல்லை. எப்போது என்பதுதான் கேள்வி.

நுனி ஒன்று என்றால், ஈன்ற பிறகு இன்னும் பன்னிரண்டு துண்டு வளர்ந்திருக்கிறது. இரண்டு வருஷம். குட்டி எப்போதோ பால் மறந்து, தன்பாட்டில் மத்தி மீனைத் துரத்திக்கொண்டு போயிருக்கும்.

ஈறு ஒன்று என்றால், ஈன்ற பிறகு இரண்டே துண்டுதான் வளர்ந்திருக்கிறது. நாலு, நாலரை மாதம். ஆறு மாதம்வரை பால் கொடுக்கும். அப்படியானால் நாம் போய் நின்ற அன்று, பால்குடி மறக்காத குட்டி ஒன்று வெளியே கடலில் இருந்தது.

தாளின்படி நீ நுனியிலிருந்துதான் போட்டிருப்பாய் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் எனக்குத் தோன்றுவது போதாது.

ஹஃப்ஸா


திருத்துறைப்பூண்டி
04.06.2025

அன்புள்ள ஹஃப்ஸா,

உறுதிக் கடிதம் தனித்தாளில் இருக்கிறது. "சார் அளித்த முறைப்படி நுனியிலிருந்து ஈறு நோக்கி ஒன்று முதல் இருபது வரை எண்ணிட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போதுமா பார்.

பார்சல் வந்தது. அம்மா புட்டு செய்தார், பூண்டு தட்டிப் போட்டு. தெருவே வந்து எட்டிப் பார்த்தது. உம்மாவிடம் சொல்.

நேற்று எடை பார்த்தோம். ஐந்து முந்நூறு. பதினைந்து நாளில் நூறு கிராம். நர்ஸ் ஒன்றும் சொல்லவில்லை, அட்டையில் எழுதினார். ஒன்றும் சொல்லாமல் எழுதினால் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே. நாம் படித்தபோது இதைக் கேட்கவே தோன்றவில்லை. திமிங்கலக் குட்டிக்கு உதடு கிடையாது. தண்ணீருக்குள் வேறு. எப்படிப் பால் குடிக்கும்?

மங்கை


சென்னை
14.06.2025

என் மங்கைக்கு,

கைடு உன் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நல்ல கையெழுத்து" என்றார். இரண்டு வார்த்தை பாராட்டுக்கு நான் மூன்று வருஷம் காத்திருந்தேன், உனக்கு ஒரே தாளில் கிடைத்துவிட்டது. சுருக்கத்தை நேற்றே கொடுத்துவிட்டேன், கெடுவுக்குப் பதினேழு நாள் முன்னால்! தலையிலிருந்து ஒரு நெல்மூட்டையை இறக்கியது போல இருக்கிறது. பார், உன்னோடு இரண்டு கடிதம் எழுதியதற்கே எனக்கும் உவமை வயலிலிருந்து வருகிறது.

உன் கேள்விக்குச் சிரிக்கவில்லை. தாயின் வயிற்றடியில் இரண்டு பிளவுகள் உண்டு, காம்பு அதற்குள் ஒளிந்திருக்கும். குட்டி வந்து மூக்கால் இடிக்கும். காம்பு வெளியே வரும். குட்டி நாக்கைக் குழாய் மாதிரி மடித்துப் பிடிக்கும். உறிஞ்ச வேண்டியதில்லை, தாயே தசையை அழுத்திப் பீய்ச்சும். பால் ரொம்பக் கெட்டி. நம் பாலில் நூற்றுக்கு நாலு கொழுப்பு என்றால் அதில் முப்பது, நாற்பது. அதனால்தான் உப்புத் தண்ணீரில் கரையாமல் போய்ச் சேருகிறது.

வேறு சில ஜாதித் திமிங்கலங்களில் தாயும் குட்டியும் ரொம்ப மெல்லிய குரலில் பேசிக்கொள்வதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பல மைல் கேட்கிற மாதிரி பாடத் தெரிந்த ஜாதி, குட்டியோடு மட்டும் கிசுகிசுக்கிறது. கொலைத் திமிங்கலம் காதில் விழக்கூடாதே.

ராத்திரி ஹாஸ்டல் மாடியில் நீயும் நானும் வார்டனுக்குப் பயந்து பேசினோமே, அப்படி. அந்த மாடி, அந்தத் தண்ணீர்த் தொட்டி, நீ கொண்டுவந்த முறுக்கு. நாலு வருஷமாக யாரோடும் எனக்கு அப்படிப் பேச்சு வாய்க்கவில்லை என்று நேற்றுதான் தோன்றியது.

நம் குட்டிக்கு இப்போது ஆறு வயசுக்கு மேல் இருக்கும். பத்து மீட்டராவது இருக்கும். எங்கே மேய்கிறதோ. உன் கையெழுத்தால் அது பிழைத்தது என்று வைத்துக்கொள்.

ஹஃப்ஸா


திருத்துறைப்பூண்டி
29.06.2025

ஹஃப்ஸா,

ஒன்று ஈறு. நுனி இல்லை.

முதலிலேயே எழுதிவிட்டேன். இனிமேல் எழுதுவதைப் படிப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம்.

மேட்டூர் தண்ணீர் நேற்று எங்கள் வாய்க்காலுக்கு வந்துவிட்டது. கடைமடை என்பதால் முறை வைத்துத்தான் பாய்ச்சுவோம், இன்னாருக்கு இன்ன நேரம் என்று. எட்டாம் வகுப்பிலிருந்து அந்தப் பட்டியலை எழுதுகிறவள் நான். நேற்றும் அப்பா நோட்டை மடியில் வைத்தார்.

"எழுதும்மா. சிங்காரவேலு எத்தன மணிலேருந்து?"

"அவருக்கு நம்பர் ஒண்ணுப்பா. விடியக்காலம் நாலு."

"கண்ணுசாமி நேத்தே சண்ட போட்டான், இந்த வருஷமாவது தன்ன ஒண்ணுல போடச் சொல்லி."

"அது எப்புடிப்பா முடியும்? தண்ணி வர்ற பக்கந்தான ஒண்ணு?"

"அதத்தான் நானும் சொன்னேன். என் மவ மாத்த மாட்டாடான்னேன்."

நோட்டை மூடிவிட்டேன். அதற்குமேல் எழுத முடியவில்லை.

கோடியக்கரையிலும் என் கை அதைத்தான் செய்தது. பட்டை தார்ப்பாயில் கிடந்தது. வளர்ச்சி ஈறிலிருந்து வருகிறது, ஆகவே அதுதான் தலைமடை, அதுதான் ஒன்று. யோசிக்கவே இல்லை. இருபதாம் துண்டில் நுனி நார்நாராகப் பிரிந்திருந்தது, நாற்று வேர் மாதிரி. காகிதத்தைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது, இரண்டு காகிதம் சுற்றினேன். இதெல்லாம் எனக்கு மறக்கவில்லை ஹஃப்ஸா, ஒருநாளும் மறக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் சாரின் தாளைப் பிரித்துப் படித்தேன். நுனிக்கு ஒன்று என்று இருந்தது. நீ வாந்தி எடுத்துக் களைத்து என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாய். எழுப்பினால் திட்டுவாய். ஹாஸ்டல் போய் நோட்டில் ஒரு வரி எழுதிவிடலாம் என்று நினைத்தேன். போனதும் தலை குளித்தோம், தூங்கினோம். அடுத்த வாரம் பெண் பார்க்க வந்தார்கள். அந்த ஒரு வரி அப்படியே நின்றுவிட்டது.

ஆக, உன் முதல் கடிதத்தைப் படித்தபோதே எனக்கு விடை தெரியும். என்ன மாறும் என்று கேட்டது, என் தப்பு எவ்வளவு பெரிசு என்று தெரிந்துகொள்ளத்தான். சின்னது என்றால் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நீயோ குட்டியைப் பற்றி எழுதினாய்.

அன்று எடை பார்த்துவிட்டு வந்திருந்தேன். இவளை மடியில் போட்டுக்கொண்டுதான் உன் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். நாலு, நாலரை மாதம் என்று எழுதியிருக்கிறாய். வந்து இடிக்கும், இடித்துப் பார்க்கும், காம்பு வராது. அது எத்தனை நாள் இடித்திருக்கும்? (எப்படி இடிக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது, நீ பிறகு எழுதினாய். தெரிந்த பிறகு இன்னும் மோசம்.) தாளில் நுனி என்று இருக்கிறது. நீயே நுனி என்றுதான் நினைக்கிறாய். நானும் அதையே எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம்? அந்தக் குட்டிக்கு இரண்டு வயசு ஆகட்டும் என்று கையெழுத்துப் போட்டேன்.

ஆறு வயசு, எங்கே மேய்கிறதோ என்று நீ சந்தோஷமாக எழுதியதைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. சாப்பிடாமல் பால் எப்படி ஊறும் என்று அம்மா திட்டுகிறார்.

நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று ஈறு.

மங்கை


சென்னை
06.07.2025

மங்களாம்பிகை,

இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. தொட்டிருந்தால் நீ இன்னொரு நாலு வருஷம் என்னோடு பேசியிருக்க மாட்டாய்.

கொடுத்த சுருக்கத்தைத் திரும்பக் கேட்டு வாங்கினேன். கைடு கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். "உன் தோழி எந்தக் கடிதத்தில் உண்மை பேசுகிறார்? மூன்றாவது ஒன்றும் வருமா?" என்றார். அடுத்த கமிட்டி டிசம்பரில்தான். சுருக்கம் கொடுக்கும்வரை வரன் பேச்சு எடுக்கமாட்டேன் என்று சொல்லி உம்மா எனக்குக் கொடுத்த கெடுவோ இந்த மாசத்தோடு முடிகிறது. இதையெல்லாம் நீ தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

இருபதாவது பொட்டலம் என் விரலில் குத்தியது. லேபில் பிரித்தபோது. நார் நகக்கண்ணில் ஏறி, இரண்டு நாள் வீங்கியிருந்தது. ஈறுப்பக்கம் நார் இருக்காது. நான் யோசித்திருக்க வேண்டும். முதல் இரண்டு துண்டில் பதற்றத்தில் ஏறுகிற ஹார்மோன் கூடியிருந்ததும் முன்பே உறுத்தியது. நான்கூட நுனியாக இருக்கட்டும் என்றுதான் இருந்திருக்கிறேன் போலிருக்கிறது.

முழு வரிசையையும் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அந்த இரண்டு துண்டில் நைட்ரஜன் கணக்கும் ஏறுகிறது. தின்பது பத்தாமல் சொந்த உடம்பைக் கரைக்கிற உயிரில் அப்படி ஏறும். நாலு மாதமாகத் தன் கொழுப்பையும் சதையையும் கரைத்துப் பாலாகக் கொடுத்திருக்கிறது. பிறகு கப்பல் மோதியது. முதுகெலும்பு இரண்டாக உடைந்திருந்ததை நாமே பார்த்தோம். அது பால் இல்லாமல் போன தாய் இல்லை, மங்கை. இதை ஆறுதலுக்கு எழுதவில்லை. அப்படித்தான் இருக்கிறது, என் தாளில்.

குட்டி பிழைத்திருக்குமா என்று நீ கேட்கவில்லை, ஆனால் கேட்பாய். அந்த வயசில் தனியாகப் பிழைக்காது. பொய் ஒருமுறை போதும்.

கைடுக்குப் புதிதாக ஓர் உறுதிக் கடிதம் வேண்டும். எப்படி எண்ணிட்டாய், தாள் இருந்தும் ஏன் மாற்றினாய், முதல் கடிதத்தில் ஏன் தவறாக எழுதினாய், மூன்றுக்கும் பதில் அதில் இருக்க வேண்டும். மூன்றாவதுக்கு "ஞாபக மறதி" என்று எழுதிக்கொள்ளலாம், அவர் ஏற்றுக்கொள்வார். அதை உன் இஷ்டத்துக்கு விடுகிறேன்.

ஆதிரை எடை என்ன?

ஹஃப்ஸா


திருத்துறைப்பூண்டி
12.07.2025

அன்புள்ள ஹஃப்ஸா,

ஐந்து எழுநூறு. நர்ஸ் இந்த முறை "ம்" என்றார்.

உம்மாவின் கெடுவுக்கு என்னால் ஆவது ஒன்றும் இல்லை, வந்து அவர் காலில் வேண்டுமானால் விழுகிறேன். ஆடி பிறந்தால் என்னை ஒரத்தநாட்டுக்கு அனுப்பமாட்டார்கள், ஆவணிவரை இங்கேதான் இருப்பேன். ஊருக்கு வருகிற வழியில் இறங்கு. அப்பா மீன் வாங்கிவைப்பார், சுமார்தான் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடு.

கைடுக்கான கடிதம் இத்துடன். ஞாபக மறதி என்று எழுதிப் பார்த்தேன். கிழித்துவிட்டேன்.

மங்கை

*

பெறுநர்: ஆய்வு நெறியாளர் அவர்கள்

ஐயா,

2021 ஜனவரியில் கோடியக்கரையில் ஒதுங்கிய பெண் திமிங்கலத்தின் பலீன் பட்டையை இருபது துண்டுகளாக நறுக்கி எண்ணிட்டவள் நான். ஈறுப் பக்கத் துண்டுக்கு 1 என்றும், நுனித் துண்டுக்கு 20 என்றும் எழுதினேன். இருபதாம் துண்டின் முனை நாராகப் பிரிந்திருந்ததால் அதற்கு மட்டும் இரண்டு காகிதம் சுற்றினேன்.

எங்களுக்கு அளித்த தாளில் நுனியிலிருந்து தொடங்கச் சொல்லியிருந்தது. அதை நான் படிக்கும் முன்பே எண்ணிட்டுவிட்டேன். நான் பாசன வாய்க்கால்களுக்கு எண்ணிட்டுப் பழகியவள். எங்கிருந்து வருகிறதோ அங்கே ஒன்று எழுதுவது என் வழக்கம். தவறு அன்றே எனக்குத் தெரிந்தது. நோட்டில் திருத்தாதது என் குற்றம். ஆய்வாளர் ஹஃப்ஸாவுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

04.06.2025 அன்று நான் எழுதிய கடிதம் பொய். மறதியால் எழுதியது அல்ல, தெரிந்தே எழுதியது. காரணம் கேட்டிருக்கிறீர்கள். அன்று என் மகளுக்கு நாலு மாதம் இருபது நாள். அந்தத் திமிங்கலக் குட்டிக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்று தெரிந்தது. இரண்டு பேரில் ஒருவருக்காவது வயதைக் கூட்டிவிட என்னால் முடியும் என்று தோன்றியது.

ஒன்று ஈறு. அது இறந்தபோது பால் கொடுத்துக்கொண்டிருந்தது.

இப்படிக்கு,
அ. மங்களாம்பிகை, எம்.எஸ்சி.